பனி ஊர்களில் அகேவ் வளர்ப்பு: டென்வர், சான்டா ஃபே, ஆஸ்டின் அனுபவங்கள்

டென்வரிலிருந்து:

குளிரில் செத்த அகேவை (ஆனைக்கற்றாழையின் குடும்பச் செடி) தோண்டிப் பாருங்கள், அடிக்கட்டை பெரும்பாலும் சொதசொதவென்று இருக்கும். குளிர் தனியாகக் கொல்வது குறைவு; ஈரமும் சேர்ந்தால்தான் ஆபத்து. அரிசோனா, நியூ மெக்சிகோ மலைச்சரிவுகளில் வளரும் ‘பாரியை’ (parryi) என்ற அகேவ் இனம் காய்ந்த மண்ணில் மைனஸ் 20 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதன் நியோமெக்சிகானா வகைக்குத் தாங்கும் சக்தி இன்னும் அதிகம். நர்சரியில் வெறும் ‘பாரியை’ என்று எழுதியிருந்தால் எந்த வகை என்று கேட்டு வாங்குங்கள். ட்ரங்கேட்டா வகை பார்க்க மிக அழகு, ஆனால் டென்வர் குளிருக்கு ஆகாது.

களிமண்ணில் குழி வெட்டி மணல் கொட்டாதீர்கள். சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் வடிந்து அந்தக் குழி கிணறாகிவிடும். தரைக்கு மேலே 30 செ.மீ. மேடு கட்டுங்கள். 3 பங்கு பியூமிஸ் (எரிமலை நுரைக்கல்) அல்லது பொடிச்சரளை, 1 பங்கு தோட்டமண் போதும். பீட் (சதுப்புநிலக் கரிமண்), மட்கு வேண்டாம். தெற்குப் பார்த்த சரிவில், சுவர் ஓரமாக இருந்தால் நல்லது. செடியைச் சற்றுச் சாய்த்து நட்டால் உருகும் பனி குருத்தில் தங்காது. மடல்களும் வேரும் சேரும் கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலே தெரியட்டும். அதைச் சுற்றி 4 செ.மீ. சரளை பரப்புங்கள். மரப்பட்டைத் தூள் ஈரத்தைப் பிடித்து வைக்கும் என்பதால் அதைத் தவிர்த்துவிடுங்கள்.

நட ஏற்ற காலம் மே மாதம். இலையுதிர் காலத்தில் நட்டால் வேர் பிடிப்பதற்குள் குளிர் வந்துவிடும். முதல் கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஆழமாகத் தண்ணீர் விட்டு, செப்டம்பரில் நிறுத்திவிடுங்கள். அதன் பிறகு மடல்கள் கொஞ்சம் சுருங்கி உள்நோக்கி மூடும். செடி தன்னிடமுள்ள தண்ணீரைக் குறைத்துக் குளிருக்குத் தயாராகிறது. வாடுகிறதே என்று பயந்து அப்போது தண்ணீர் ஊற்றுவதுதான் பலரும் செய்யும் தவறு.

சான்டா ஃபேயிலிருந்து:

மேலே சொன்னது அத்தனையும் சரி. கிராண்ட் கேன்யன் பக்கத்துச் சுண்ணாம்புப் பாறை இடுக்குகளில் காணப்படும் யூட்டாயென்சிஸ் என்ற அகேவ் இனத்தை வளர்ப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சேர்க்கிறேன். குளிரில் அது பாரியைக்குச் சளைத்ததல்ல, ஈரத்தில் அதைவிட நொய்மையானது. நவம்பரிலிருந்து மார்ச் வரை நான்கு குச்சி நட்டு மேலே ஒரு பாலிகார்பனேட் (ஒளி புகும் கெட்டிப் பிளாஸ்டிக்) தகடு கட்டுங்கள். பக்கங்கள் திறந்தே இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கால் சுற்றி மூடினால் பகல் வெயிலில் உள்ளே வெந்து ஆவி கட்டும், இரவில் அது உறையும்.

வசந்தத்தில் கீழ் மடல்களில் கண்ணாடி போன்ற கருந்திட்டு தெரிந்தால் அது உறைபனிக் காயம். உடனே வெட்டாதீர்கள். ஜூனில் காய்ந்து சருகானபின் எடுங்கள். குருத்தை லேசாக இழுத்துப் பாருங்கள்: கையோடு வந்து நாற்றம் அடித்தால் தாய்ச்செடி போய்விட்டது. பக்கக்கன்றுகள் கெட்டியாக இருந்தால் பிரித்து, வெட்டுவாய் காய ஒரு வாரம் நிழலில் வைத்து நடலாம். குருத்து நன்றாக இருந்தால், விரியும் புது மடலின் முதுகில் பக்கத்து மடலின் முட்கள் பதிந்த தடம் வரிவரியாகத் தெரியும். வளர்ச்சி தொடங்கிவிட்டது என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் கிடையாது.

ஆஸ்டினிலிருந்து:

2021 பிப்ரவரிப் பனி இங்கே பெரிய பரீட்சை. நம் ஊர் வேலிகளில் நிற்கும் ஆனைக்கற்றாழை, அதாவது அமெரிக்கானா, தெருத் தெருவாகக் குழைந்து சரிந்தது. அகன்ற மடல் கொண்ட ஓவாட்டிஃபோலியா என்ற அகேவ் இனம் தாங்கி நின்றது. டெக்சாஸில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் சிபாரிசு அதுதான்.

இங்கே குளிரோடு மூக்கு வண்டும் உண்டு. கறுப்பாக, ஒன்றரை செ.மீ. நீளம் இருக்கும். அடியில் துளைத்து முட்டையிடும். புழுக்கள் தண்டுக்கட்டையைத் தின்னும், கூடவே அழுகலும் பரவும். வெளி மடல்கள் எல்லாம் தொய்ந்து, நடுக்குருத்து மட்டும் விறைப்பாக நின்றால் சந்தேகப்படுங்கள். அந்த நிலையில் மருந்தால் காப்பாற்ற முடியாது. சுற்றுமண்ணோடு தோண்டிப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், மட்குக் குழியில் போட வேண்டாம். அந்த வேலைக்கு முழுக்கைச் சட்டை, கண்ணாடி, தடித்த கையுறை கட்டாயம். சாற்றில் உள்ள ஊசி போன்ற நுண்ணிய ஆக்சலேட் படிகங்கள் தோலில் பட்டால் கொப்புளிக்கும்.