மொழிமாற்றமா, மொழிப்பெயர்ச்சியா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு, வணக்கம்.

> பேசும் மொழி திரிந்தாலும், பேசுவோர் வேறு மொழிக்குப் போனாலும் ‘மொழிமாற்றம்’ என்றே சொல்லலாமே?

சொல்லலாம் ஐயா. ஆனால் மென்னோனைட்டுகள் என்னும் சீர்திருத்தக் கிறித்தவப் பிரிவினரைப் பற்றி ஒரு பத்தி எழுதிப் பாருங்கள், இடறும். 16-ஆம் நூற்றாண்டில் துன்புறுத்தலுக்குத் தப்பி நெதர்லாந்துப் பக்கமிருந்து இன்றைய போலந்தின் விஸ்துலா ஆற்றுக் கழிமுகத்துக்குப் போனவர்கள், அவ்வூர்ப் பேச்சுமொழியான கீழ் ஜெர்மனை வீட்டில் பேசத் தொடங்கினார்கள். வழிபாட்டில் மட்டும் டச்சு 18-ஆம் நூற்றாண்டு வரை தாக்குப்பிடித்தது. பிறகு அங்கே உயர் ஜெர்மன், அதாவது ஏட்டு ஜெர்மன், வந்து உட்கார்ந்தது. இது ஒரு கதை.

1789-இல் உக்ரைன் பக்கம் குடியேறத் தொடங்கியபின் அதே வீட்டுமொழி, பிளவுட்டீச், ரஷ்யச் சொற்களை வாங்கிக்கொண்டது. தர்பூசணிக்கு ‘அர்பூஸ்’ என்கிறார்கள். (இரண்டு சொல்லும் பாரசீகத்திலிருந்து கிளம்பியவையே!) இது வேறு கதை. முன்னதில் ஆட்கள் மொழியை விட்டுப் போனார்கள். பின்னதில் மொழி ஆட்களோடு இருந்துகொண்டே மாறியது.

முன்னதற்கு (language shift) ‘மொழிப்பெயர்ச்சி’ என்பது என் முன்மொழிவு. குருப்பெயர்ச்சியில் வீடுதானே மாறுகிறது, குரு அதே குருதான். பின்னதற்கு (language change) ‘மொழிமாற்றம்’ இருக்கட்டும்.

ஒரு மொழியை விடாமல் அடுத்த தலைமுறைக்குக் கொடுப்பதற்கு (language maintenance) நம் பட்டியலில் உள்ள ‘மொழிக்காப்பு’ம் எனக்கு உறுத்துகிறது. காப்பு என்றதும் நமக்குத் தனித்தமிழ் ஞாபகம் வந்துவிடும். கனடாவின் மானிட்டோபாவில் 1916-இல் பள்ளிகளில் ஆங்கிலம் கட்டாயமானதும், அங்கே குடியேறியிருந்த மென்னோனைட்டுகளில் ஒரு பிரிவினர் 1922 முதல் மெக்சிகோவுக்கே கிளம்பிவிட்டார்கள். அங்கே வீட்டில் பிளவுட்டீச், பள்ளியிலும் வழிபாட்டிலும் உயர் ஜெர்மன், வெளியாரோடு ஸ்பானிஷ். கடன்சொற்கள் ஏறிய அதே பிளவுட்டீச்சைத்தான் பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். ‘மொழிப்பேணல்’ பொருந்தும்.

மறுமொழி 1

> மொழிப்பெயர்ச்சி

அச்சில் ஒற்று விட்டுப்போனால் ‘மொழிபெயர்ச்சி’ ஆகி, மொழிபெயர்ப்பின் தம்பி போல நிற்கும். ‘மொழி இடப்பெயர்வு’?

மறுமொழி 2

இடப்பெயர்வு என்றால் கப்பலும் ரயிலும்தான் கண்ணில் வரும் அம்மா. மெக்சிகோ போனவர்கள் இடம்பெயர்ந்தும் வீட்டுமொழியை விடவில்லை. 1870-களில் அமெரிக்காவின் கான்சஸ் போனவர்களின் பேரப்பிள்ளைகளோ இருந்த இடத்திலேயே ஆங்கிலத்துக்குப் போய்விட்டார்கள். இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத்தானே இவ்வளவு பாடு?

ஒற்றுப்பிழை பயம் நியாயமானதே, நானே இருமுறை தட்டச்சில் தவறவிட்டேன். ‘மொழிநகர்வு’ என்று வைத்துக்கொள்வோம். குருவை விட்டுக்கொடுப்பதில் சிறு வருத்தம்தான். பட்டியலில் திருத்திவிடுகிறேன்.