தார் பாலைவனத்தில் குதிரைகளோடு 4 இரவு: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. வருகிற ஜனவரியில் நாங்கள் 4 பேர், 5 மார்வாரிக் குதிரைகளோடு (ராஜஸ்தான் இனம், காது உள்நோக்கி வளைந்திருக்கும்) ஜெய்சல்மேரிலிருந்து குரி கிராமம் தாண்டி மணல்மேடுகளில் 4 இரவு தங்கப் போகிறோம். எங்களுக்குக் கூடாரமும் கம்பளியும் போதும். கவலையெல்லாம் குதிரைகளைப் பற்றித்தான்.

போன முறை இரண்டாம் நாள் காலை என் பெண்குதிரை தீவனத்தைத் தொடவே இல்லை. முன்காலால் மண்ணைப் பறித்தது, திரும்பித் திரும்பித் தன் விலாவையே பார்த்தது. உள்நோக்கி வளைந்த அந்த அழகான காதுகள் துவண்டு கிடந்தன. வயிற்றுவலி. புல்லை மணலிலேயே கொட்டியிருந்தோம். புல்லோடு மணலும் உள்ளே போய்விட்டது. லத்தியை வாளித் தண்ணீரில் கரைத்துப் பார்த்தால் அடியில் மணல் படிந்திருந்தது. மருத்துவர் வர 6 மணி நேரம் ஆனது. பிழைத்துக்கொண்டது, ஆனால் அந்த 6 மணி நேரம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

இந்த முறை வாயில் தீவனப் பை கட்டிவிடுவேன், சரி. தண்ணீருக்கு என்ன செய்வது? ஒரு குதிரைக்கு நாளுக்கு 30 லிட்டராவது வேண்டும். அங்கே பல கிணறுகளில் தண்ணீர் உப்புக் கரிக்கும், பழகாத குதிரை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஒட்டக வண்டியில் 150 லிட்டர் தினமும் கொண்டுபோனவர்கள் யாராவது இருக்கிறீர்களா? வெல்லம் கலந்து பழக்கினால் குடிக்குமா?

அப்புறம், தளர்ந்த மணலில் குதிரையைக் கட்ட அடிக்கும் முளை நிற்பதில்லை. மணல் நிரப்பிய சாக்கை ஆழமாகப் புதைத்து அதில் கயிறு கட்டலாம் என்கிறார்கள். செய்து பார்த்தவர்கள் எவ்வளவு ஆழம் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.