வான்கோவின் வேதாகம ஓவியத்தில் மெழுகுவர்த்தி ஏன் அணைந்திருக்கிறது?

கரிக்கோல்:
சென்ற வாரம் விதைப்பவன் இங்கே எழுதிய பதிவில், "வின்சென்ட் வான்கோ தம் வாழ்நாளில் வேதாகமத்தை ஒருபோதும் மூடி வைக்காத ஓவியர், அவருடைய ஒவ்வொரு ஓவியமும் ஒரு ஜெபம்" என்று ஒரு வரி இருந்தது. பலர் அதைப் பாராட்டியும் விட்டார்கள். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அந்த வரியை எழுதியவர் 1885 அக்டோபரில் நூனென் கிராமத்தில் வான்கோ வரைந்த வேதாகம ஓவியத்தை ஒரு முறையாவது நிதானமாகப் பார்த்திருக்க வேண்டும். இன்று அது ஆம்ஸ்டர்டாமில் வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கறுத்த பின்னணியில் பெரிய வேதாகமம் விரிந்து கிடக்கிறது. அது சீர்திருத்த சபைப் போதகராயிருந்த அவருடைய தந்தைக்கு உரியது. தந்தை அவ்வாண்டு மார்ச் 26 அன்றுதான் இறந்திருந்தார். முன்னால் பிரெஞ்சு எழுத்தாளர் எமில் ஸோலாவின் 'வாழ்வின் இன்பம்' என்னும் நாவல், பலமுறை புரட்டப்பட்டு நைந்த மஞ்சள் அட்டையோடு கிடக்கிறது. வேதாகமத்தின் அருகே மெழுகுவர்த்தி நிற்கிறது, அது அணைந்திருக்கிறது. வேதத்தின் பக்கத்தில் விளக்கை அணைத்து வைத்த ஒருவரை வேதத்தின் ஓவியர் என்று எப்படி அழைக்கிறீர்கள்? இந்த ஒன்றுக்கு மட்டும் விடை வேண்டும்.

விதைப்பவன்:
விடை அந்த ஓவியத்திலேயே இருக்கிறது, ஐயா. நீங்கள் மெழுகுவர்த்தியைப் பார்த்துவிட்டு, திறந்திருக்கும் பக்கத்தைப் பார்க்காமல் எழுந்து வந்துவிட்டீர்கள். அந்தப் பக்கத்தில் எழுத்துகளெல்லாம் தூரிகைத் தீற்றல்களாகக் கலைந்திருக்க, ஏசாயா என்னும் தீர்க்கதரிசன நூலின் தலைப்பும் 53 என்பதற்கான ரோம எண்ணும் மட்டும் வாசிக்கும்படி இருக்கின்றன. "அவர் அசட்டைபண்ணப்பட்டவரும், மனுஷரால் புறக்கணிக்கப்பட்டவரும், துக்கம் நிறைந்தவரும், பாடு அநுபவித்தவருமாயிருந்தார்" என்று பாடுபடும் ஊழியனைப் பற்றிச் சொல்கிற அதிகாரம் அது. வேதத்தைக் கைவிட்டவருக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். இவரோ அதிகார எண்ணைப் படிக்கும்படி எழுதி வைத்தார்.

அந்த அதிகாரத்தை அவர் ஏட்டில் மட்டும் படித்தவரல்லர். 1879இல் பெல்ஜியத்தின் போரினாஷ் சுரங்கப் பகுதியில், வாஸ்ம் என்னும் ஊரில், ஆறு மாத நியமனத்தில் ஊழியம் செய்தபோது, தம் உடைகளைத் தொழிலாளருக்குக் கொடுத்துவிட்டு, குடிசையில் வைக்கோலின்மேல் படுத்தார். அந்தக் கோலம் போதகருக்குரிய கண்ணியத்துக்குப் பொருந்தாது என்று கருதிய மேலிடம் நியமனத்தைப் புதுப்பிக்கவில்லை. அசட்டைபண்ணப்பட்டவர் யார் என்பது அவருக்குத் தெரியும்.

ஸோலாவின் நாவலையும் வேதத்துக்கு எதிரியாக நிறுத்தாதீர்கள். அதன் நாயகி பாலின் அநாதைப் பெண். அவளுடைய சொத்தைக் கரைத்த உறவினர் வீட்டிலேயே இருந்து, அவர்களுக்காகவே உழைத்துத் தன்னைத் தேய்த்துக்கொள்கிறவள். ஏசாயாவின் ஊழியன் ஒரு பிரெஞ்சுக் கடற்கரைக் கிராமத்தில் பெண்ணாக வந்தால் அப்படித்தான் இருப்பான். இரண்டு நூல்களும் ஒரே பொருளைப் பேசுகின்றன என்பதால்தான் அவர் இரண்டையும் ஒரே மேசையில் வைத்தார்.

கரிக்கோல்:
நாவலின் கதையைச் சொன்னீர்கள், சுரங்கத்தின் கதையைச் சொன்னீர்கள், வசனத்தையும் எழுதினீர்கள். மெழுகுவர்த்தியைப் பற்றி ஒரு சொல் இல்லை. நான் கேட்டது அதை மட்டுமே.

தைலவண்ணம்:
தம்பி கரிக்கோல், தூரிகை பிடிப்பவளாக ஒன்று சொல்கிறேன். அந்தப் பின்னணி ஏறக்குறையக் கறுப்பு. வேதாகமத்தின் தாள்களோ மங்கிய வெண்மை. நாவலின் அட்டை எலுமிச்சை மஞ்சள். இந்த மூன்றையும் வைத்துத்தான் அவர் அந்தப் படத்தைக் கட்டுகிறார். கறுப்புக்கு முன்னால் ஒரு சுடரை ஏற்றினால் படத்தின் மிகப் பிரகாசமான புள்ளி அதுவாகிவிடும். பார்வை அங்கேயே போய் ஒட்டிக்கொள்ளும். தாள்கள் நிழலில் இறங்கிவிடும். மஞ்சள் அட்டை தன் வேலையை இழந்துவிடும். சுடரில்லாத மெழுகுவர்த்தி செங்குத்தாக நின்று அந்தக் கிடைமட்டமான புத்தகத்துக்கு எதிர்க்கோடு தருகிறது. டச்சு ஓவிய மரபில் அணைந்த மெழுகுவர்த்தி மனித ஆயுளின் நிலையாமையைக் காட்டும் பழைய அடையாளம் என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தந்தை இறந்து ஏழு மாதங்களே ஆகியிருந்தன. அணைந்தது தந்தையின் உயிர். மகனின் விசுவாசம் என்பது நீங்கள் கொண்டுவந்து சேர்த்தது.

கரிக்கோல்:
எதிர்க்கோடுதான் தேவை என்றால் ஒரு குடுவை போதும், அக்கா. மெழுகுவர்த்தியைத் தேடி எடுத்து, ஏற்றாமல் வைத்தது ஏன்?

சுடர் வரைய அவருக்குத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதே 1885இல், அதே நூனெனில், 'உருளைக்கிழங்கு உண்போர்' ஓவியத்தில் மேசைக்கு மேலே விளக்கை எரியவிட்டார். உழவர் குடிசையில் விளக்கு எரிகிறது, போதகரின் வேதாகமத்தின் அருகில் விளக்கு அணைந்திருக்கிறது. அது மட்டுமா? 1888இன் இறுதியில் பிரான்சின் ஆர்ல் நகரில் தம் ஓவிய நண்பர் கோகனின் நாற்காலியை வரைந்தபோது, இருக்கையின்மேல் இரண்டு நாவல்களையும் ஒரு மெழுகுவர்த்தியையும் வைத்தார். அந்த மெழுகுவர்த்தி எரிகிறது. வேதாகமத்தின் பக்கத்தில் அணைவு, நாவல்களின் பக்கத்தில் சுடர். இதற்கு மேல் ஓர் ஓவியர் தம் மனத்தை எப்படித் திறந்து காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறீர்கள்? விதைப்பவன் ஞாயிறு பள்ளியில் கேட்டதை அப்படியே இங்கே ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு இந்த இரண்டு மெழுகுவர்த்திகளையும் அருகருகே வைத்துப் பார்க்கட்டும்.

பழைய ஏடு:
முதலில் 'விசுவாசம்' என்று நீங்கள் இருவரும் எதைச் சொல்கிறீர்கள் என்று வரையறுத்துக்கொண்டால் இந்த வாதத்துக்கு ஏதேனும் பொருள் இருக்கும். சபையில் போய் அமர்வதா? அதை அவர் 1881 கிறிஸ்துமஸ் அன்றே விட்டுவிட்டார். ஆலயத்துக்கு வர மறுத்ததால் தந்தையோடு மூண்ட சண்டையில் எட்டன் வீட்டைவிட்டு வெளியேறினார். கிறிஸ்துவின்மேல் கொண்ட பற்றா? அது 1888 ஜூனிலும் இருக்கிறது. கிறிஸ்து பளிங்கையும் களிமண்ணையும் வண்ணத்தையும் ஒதுக்கிவிட்டு உயிருள்ள மனிதரைக் கொண்டே வேலை செய்த கலைஞர், எல்லாக் கலைஞரினும் பெரியவர் என்று தம் ஓவிய நண்பர் எமில் பெர்னாருக்கு எழுதினார். இவ்விரண்டில் எதைப் பற்றிப் பேசுகிறோம்?

கரிக்கோலிடம் இதைக் கேட்பதில் பயன் இல்லை என்பதை அறிவேன். இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோவின் 'மத்தேயுவின் அழைப்பு' பற்றி முன்பு நடந்த விவாதத்திலும், மத்தேயு தாடிக்காரரா, குனிந்து காசு எண்ணும் இளைஞனா என்பதில் படத்தில் சுட்டும் ஒரு விரலைப் பிடித்துக்கொண்டு, மற்ற எவர் சொன்னதையும் காதில் வாங்காமல் இருந்தவர் அவர்.

கரிக்கோல்:
அந்த விவாதத்தில் இளைஞனே மத்தேயு என்று நான் சொன்னதற்கு நீங்கள் இன்றுவரை மறுப்பு எழுதவில்லை, பழைய ஏடு அவர்களே. அந்த மனக்கசப்பை இங்கே கொண்டுவந்து கொட்ட வேண்டாம். வரையறை கேட்பவர்களுக்கு ஓவியம் பார்க்கக் கண் தேவைப்படுவதில்லை போலும். பெர்னாருக்கு எழுதிய கடிதத்தில் அவர் கிறிஸ்துவைக் கலைஞர் என்கிறார். இரட்சகர் என்று வணங்கவில்லை. நீங்கள் கொண்டுவந்த சான்று என் பக்கம் நிற்கிறது. மெழுகுவர்த்தி இன்னும் அணைந்தே இருக்கிறது.

விதைப்பவன்:
நான் ஞாயிறு பள்ளியில் படித்தவன்தான். அதற்காக நான் வெட்கப்பட வேண்டும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். வேதத்தை உள்ளிருந்து படித்தவனுக்குத்தான் வான்கோவின் வயல்கள் பேசும். வயலில் விதைக்கும் உழவனின் உருவத்தை அவர் பிரெஞ்சு ஓவியர் மில்லேயிடமிருந்து எடுத்தார் என்பது உண்மை. ஆனால் முடிவின்மைக்கான தம் ஏக்கத்தின் அடையாளங்கள் விதைப்பவனும் கதிர்க்கட்டும் என்று 1888இல் அவரே எழுதியபோது, நற்செய்தியில் வரும் விதைப்பவனின் உவமை அதில் இல்லை என்று எப்படிச் சொல்வீர்கள்? 1889 செப்டம்பரில் அறுப்பவனை வரைந்துவிட்டு, மனிதகுலமே அறுக்கப்படும் கோதுமை, அவன் மரணத்தின் உருவம், ஆனாலும் இந்த மரணத்தில் சோகம் இல்லை, அது பொன்னொளி வீசும் சூரியனின் கீழே பட்டப்பகலில் நிகழ்கிறது என்று தம்பி தியோவுக்கு எழுதினார். உயிர்த்தெழுதலை நம்பாதவர் மரணத்துக்கு அந்த ஒளியைக் கொடுப்பாரா?

அதே மாதத்தில் சான் ரேமி மனநலக் காப்பகத்தில் இருந்தபடி பிரெஞ்சு ஓவியர் டெலக்ருவாவின் 'பியெட்டா'வை, இறந்த கிறிஸ்துவோடு மரியாள் இருக்கும் படத்தை, தம் வண்ணத்தில் வரைந்தார். 1890 மே மாதத்தில் நல்ல சமாரியனை வரைந்தார். ரெம்பிராண்டின் செதுக்கோவியத்தைப் பார்த்து, இறந்த லாசரு கிறிஸ்துவால் உயிரோடு எழுப்பப்படுவதையும் வரைந்தார். நோயும் தனிமையும் முற்றிய அந்த மாதங்களில் அவர் கை நீண்டது வேதத்தின் கதைகளை நோக்கித்தான். விசுவாசம் 1885இலேயே செத்துவிட்டது என்றால் 1890இல் லாசரு எதற்கு?

கரிக்கோல்:
லாசருவை நீங்களே எடுத்து வைத்ததற்கு நன்றி. ரெம்பிராண்டின் செதுக்கோவியத்தில் கை உயர்த்தி நிற்கும் கிறிஸ்துதான் மையம். வான்கோ அதிலிருந்து ஒரு பகுதியை மட்டும் எடுத்துப் பெரிதாக்கி, கிறிஸ்துவை முற்றாக வெளியே விட்டுவிட்டு, பின்னால் ஒரு சூரியனை வரைந்தார். லாசருவுக்குத் தம்மைப் போலவே செந்தாடி வைத்தார். அழைத்தவர் இல்லாமலேயே எழுந்திருக்கும் லாசரு! இன்னும் ஒன்று கேளுங்கள். 1888இல் ஒலிவத் தோப்பில் கிறிஸ்துவும் தேவதூதனும் இருக்கும் படத்தை இரண்டு முறை வரைந்து, இரண்டு முறையும் சுரண்டி அழித்தார். அணைந்த மெழுகுவர்த்தி 1885இல், சுரண்டப்பட்ட கிறிஸ்து 1888இல், விடப்பட்ட கிறிஸ்து 1890இல். ஒரே கோடு நேராகப் போகிறது. அதன் தொடக்கம் அந்த மெழுகுவர்த்தி.

விதைப்பவன்:
சுரண்டியதற்கான காரணத்தை அவரே எழுதியிருக்கிறார்: மாதிரிக்கு ஆள் இல்லாமல் அந்த உருவத்தை வரையத் தமக்கு விருப்பமில்லை என்றார். அது ஓர் ஓவியரின் நேர்மை. காணாத முகத்தைக் கற்பனையால் நிரப்ப மாட்டேன் என்னும் பயபக்தி. மறு ஆண்டு பெர்னாரும் கோகனும் ஒலிவத் தோப்பில் கிறிஸ்துவை வரைந்தபோது அவர் சினந்தார். கிறிஸ்து பாடுபடுமுன் வியாகுலத்தோடு ஜெபித்த கெத்செமனே தோட்டத்தை நேராகக் குறிவைக்காமலேயே வேதனையின் உணர்வைத் தர முடியும் என்று பெர்னாருக்கு எழுதினார். அந்த 1889இல் அவர் வரைந்த ஒலிவ மரங்களைப் பாருங்கள். முறுக்கிக்கொண்டு நிற்கும் அந்த அடிமரங்களில் கெத்செமனேயின் இரவு முழுவதும் இருக்கிறது. கிறிஸ்து இல்லாத தோப்பு என்று நீங்கள் சொல்கிற இடத்தில் நான் அவருடைய வியாகுலத்தைக் காண்கிறேன். லாசருவின்மேல் எழும் சூரியனும் அப்படியே.

கல்மண்டபம்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். அந்தப் 'பியெட்டா'வின் இரு வடிவங்களில் ஒன்று வத்திக்கான் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வத்திக்கானே ஏற்றுக்கொண்ட பிறகு இங்கே நாம் ஏன் சண்டையிட வேண்டும்? தம் காதையே அறுத்துக்கொண்ட மனிதரின் மெழுகுவர்த்தியில் இவ்வளவு தத்துவம் தேட வேண்டுமா என்றும் தோன்றுகிறது.

கரிக்கோல்:
ஓர் ஓவியம் யாரிடம் இருக்கிறது என்பது வரைந்தவரின் மனத்துக்குச் சான்று ஆகாது. காதைப் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் அதற்குத் தனி இழை தொடங்கலாம். அது நடந்தது 1888 டிசம்பரில். நாம் பேசுவது 1885.

தைலவண்ணம்:
கல்மண்டபம் சொன்னதில் ஒரு பாதி கீழ்த்தரமானது. நோயைக் காட்டி ஒரு மனிதரின் சிந்தனையைத் தள்ளிவிடுவதை நான் ஏற்கவே மாட்டேன். ஆனால் கரிக்கோல் ஆண்டுக்கணக்கு காட்டி எல்லோரையும் வாயடைக்கும் முறையும் எனக்கு உடன்பாடில்லை. கோகனின் நாற்காலியில் எரியும் மெழுகுவர்த்தி ஓர் இரவுக் காட்சியின் வெளிச்சம். சுவரிலும் ஒரு விளக்கு எரிகிறது. உயிரோடிருக்கும் நண்பனின் இருக்கை அது. இறந்த தந்தையின் புத்தகத்தோடு அதை ஒப்பிட்டு ஒரு தத்துவத்தைக் கட்டுகிறீர்கள். வண்ணத்தைக் கலந்து பார்க்காதவர்கள் ஓவியத்தை நீதிமன்ற ஆவணம்போலப் படிக்கிறார்கள்.

கரிக்கோல்:
வண்ணம் கலந்தவர்கள்தாம் ஓவியத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்றால் விதைப்பவன் போரினாஷ் பற்றிப் பேசுவதற்குச் சுரங்கத்தில் இறங்கியிருக்க வேண்டும். இது வாதமே அல்ல, அக்கா, அதிகாரம்.

விதைப்பவன்:
என் கடைசிச் சான்றைச் சொல்கிறேன். அந்த வேதாகம ஓவியத்தைத் தியோவுக்கு அனுப்பும்போது வான்கோ எழுதிய கடிதத்தில், தோல் உறையிட்ட வேதாகமம், கறுப்புப் பின்னணி, மஞ்சள்பழுப்பு முன்களம், கூடுதலாக ஓர் எலுமிச்சை மஞ்சள் என்று எல்லாவற்றையும் சொல்கிறார். ஒரே நாளில் ஒரே மூச்சாக வரைந்ததையும் சொல்கிறார். மெழுகுவர்த்தியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. தம் விசுவாசத்தின் மரணத்தை அறிவிக்கும் பொருளை அவர் குறிப்பிடாமலா விட்டார்? அவரே பேசாத ஒன்றின்மேல் நீங்கள் வீடு கட்டியிருக்கிறீர்கள். 1888 செப்டம்பரில் அவர் தியோவுக்கு எழுதியதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: தமக்குச் சமயத்தின் தேவை கடுமையாக எழுகிறது, அப்போது இரவில் வெளியே சென்று விண்மீன்களை வரைகிறேன் என்றார். அணைந்துபோனவர் எழுதுகிற வரியா அது?

பழைய ஏடு:
நான் கேட்ட வரையறைக்கு இன்னும் எவரும் விடை சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்கிறேன்.

கரிக்கோல்:
அந்தக் கடிதத்தில் மெழுகுவர்த்தி இல்லை என்கிறீர்கள். ஏசாயாவும்தான் இல்லை, விதைப்பவன். கடிதத்தின் மௌனம் என் மெழுகுவர்த்தியை அழித்துவிடும் என்றால், உங்கள் 53ஆம் அதிகாரத்தையும் சேர்த்தே அழித்துவிடும். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் தள்ள உங்களுக்கு யார் உரிமை கொடுத்தது? விண்மீன் கடிதத்தில் அவர் தேவை என்கிறார். தேவை என்பவரிடம் அது இருக்கிறது என்று பொருளில்லை. சமயம் வேண்டியிருந்தபோது ஆலயத்துக்குள் போகாமல் வெளியே போனார் என்பதையும் கவனியுங்கள். நாளை ஒலிவ மரங்களைப் பற்றி எழுதுவீர்கள், மறுநாள் கோதுமை வயலைப் பற்றி எழுதுவீர்கள். எழுதுங்கள், எல்லாவற்றையும் வாசிப்பேன். ஆனால் அணைந்த மெழுகுவர்த்தியை வேதத்தின் அருகிலும் எரியும் மெழுகுவர்த்தியை நாவல்களின் அருகிலும் அவர் ஏன் வைத்தார் என்பதற்கு இந்த இழையில் இதுவரை எனக்கு விடை கிடைக்கவில்லை.

விதைப்பவன்:
தைலவண்ணம் அக்கா கொடுத்த விடை மேலே இருக்கிறது, நான் கொடுத்தது அதற்கும் மேலே இருக்கிறது. படிக்க மாட்டேன் என்று உறுதியாக இருப்பவருக்கு மூன்றாம் முறை எழுதுவதாக இல்லை. ஒலிவ மரங்களைப் பற்றித் தனிப் பதிவாக எழுதுகிறேன். அதில் "ஒவ்வொரு ஓவியமும் ஒரு ஜெபம்" என்னும் வரி மாற்றமின்றி அப்படியே இருக்கும்.