பேஸ்புக்ல லாகின் பண்ணா வேற ஒருத்தர் அக்கவுன்ட் தொறக்குது, அவசரம்

காசிமேட்டுக்காரன்:
எங்க சித்தப்பா மீன் கடைக்கு சைட் போட்டுக் குடுத்துக்கீறேன், நைட்டே ஆர்டர் போட்டா காலைல ஏலத்துல எடுத்து சுத்தம் பண்ணி வீட்டுக்கே அனுப்பிடுவோம். பாஸ்வேர்டெல்லாம் யாரும் ஞாபகம் வெச்சிக்க மாட்டாங்கன்னு கூகுள் லாகினும் பேஸ்புக் லாகினும் வெச்சேன். கூகுள் நல்லா போவுது. நேத்து தண்டையார்பேட்டை அக்கா ஒருத்தங்க போன் பண்ணி, தம்பி நான் பேஸ்புக்ல உள்ள போனா ராயபுரம் அட்ரஸ் காட்டுது, ரெண்டு கிலோ வஞ்சிரம் வாங்குன மாதிரி இருக்கு, நான் அரை கிலோ சங்கரா தான வாங்குவேன்னாங்க. எனக்கு கையும் ஓடல காலும் ஓடல. அடுத்தவங்க வீட்டு அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் தெரியுது. கூகுள், பேஸ்புக்லேர்ந்து வர்ற ஈமெயில வெச்சி கஸ்டமர் விவரம் இருக்கற யூசர் டேபிள்ல தேடறேன், இருந்தா லாகின், இல்லன்னா புது ரோ, அதாவது அந்த ஆளுக்கு டேபிள்ல ஒரு புது வரி. எங்க தப்பு?

வண்ணாரப்பேட்டை_கோடர்:
மொதல்ல பேஸ்புக் பட்டன தூக்கு தம்பி, மத்தத அப்புறம் பாக்கலாம். போன் நம்பர்ல பேஸ்புக் ஆரம்பிச்சவங்களுக்கு ஈமெயில் வராது, இருக்கறவங்களும் பர்மிஷன் கேக்கும்போது டிக்க எடுத்துட்டு வரலாம். நீ அத காலி ஸ்ட்ரிங்கா, அதாவது எழுத்தே இல்லாத ஈமெயிலா சேவ் பண்ணிருப்ப. அப்டி வந்த மொத ஆளு ராயபுரம், அதுக்கப்புறம் ஈமெயில் இல்லாம வர்ற எல்லாருக்கும் அதே ரோ தான் கெடைக்கும். ஈமெயில வெச்சி ஆள அடையாளம் பாக்காத. தனி டேபிள் போடு, எந்த கம்பெனி லாகின், அவங்க குடுக்கற ஐடி, நம்ம யூசர் ஐடி, மொத ரெண்டும் சேந்து யூனிக், அந்த ஜோடி ரெண்டு தடவ வரக்கூடாது. அவங்க குடுக்கற ஐடிக்கு கூகுள்ல பேரு சப் (sub), பேஸ்புக்ல ஐடி (id). பேஸ்புக் ஐடி ஒவ்வொரு ஆப்புக்கும் வேற வேற வரும், டெஸ்ட் ஆப்ல வந்தத லைவ்ல தேடாத.

பெரம்பூர்_அக்கா:
ரெண்டு லாகின்லயும் ஒரே ஈமெயில் வந்தா தானா சேத்துடலாம்னு தோணும், வேணாம்பா. பழைய லாகின்ல உள்ள வந்தப்புறம் செட்டிங்ஸ்ல இன்னொன்ன சேத்துக்க ஒரு பட்டன் வை. லாகின் நம்ம சைட்ல அதே ஆளு ஆரம்பிச்சதுதானான்னு பாக்க அனுப்பற ஸ்டேட் பாராமீட்டர் (state), அது திரும்பி வரும்போது செக் பண்றியா? அத வுட்டுடாத.

திருவொற்றியூர்_தம்பி:
இன்ஸ்டால லிங்க் போட்டுக்கீறீங்களாண்ணா? அதுக்குள்ளயே தொறக்கற பிரவுசர்ல கூகுள் லாகின் எரர் 403, டிஸ்அலவ்டு யூசர்ஏஜென்ட்னு (disallowed_useragent) நின்னுடும். உங்க கோட்ல தப்பு இல்ல, இப்டி ஆப்புக்குள்ளயே தொறக்கற வெப்வியூவ கூகுள் வுடாது. குரோம்ல தொறக்கச் சொல்லி ஒரு வரி போட்டுடுங்க.

காசிமேட்டுக்காரன்:
கோடர் அண்ணா சொன்னதே தான், லாக்ல பாத்தா அஞ்சு பேர் அந்த ஒரே ரோல வந்துக்கீறாங்க. பட்டன எடுத்துட்டேன், உள்ள இருந்தவங்க எல்லாரும் வெளிய வர்ற மாதிரி செஷன் மொத்தமும் அழிச்சாச்சு. ராயபுரம் அம்மாவுக்கு போன் பண்ணி நடந்தத சொல்லி மன்னிப்பு கேட்டேன், அவங்க அட்ரஸ யார் பாத்தாங்கன்னு அவங்களுக்கு தெரியணும்ல. டேபிள் பிரிச்சிகினு இருக்கேன், ஈமெயில் இல்லாத அக்கவுன்ட் ரெண்டு வெச்சி டெஸ்ட் பண்ணிட்டு தான் பட்டன் திரும்ப வரும்.