புதுப்பிப்பு: தங்கையின் தாடை அறுவை சிகிச்சை, ஓராண்டுக்குப் பின்

கீழ்த்தாடையை முன்னுக்கு நகர்த்தும் அறுவை சிகிச்சை நாளடைவில் பழைய நிலைக்கே திரும்பிவிடுமா என்று, பெங்களூரு அல்சூரில் வசிக்கும் என் தங்கைக்காக முன்பு கேட்டிருந்தேன். ஓராண்டுப் பரிசோதனையில் மருத்துவர் பழைய, புதிய பக்கவாட்டு எக்ஸ்ரேக்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துக் காட்டினார். தாடையின் கோடுகள் ஏறக்குறைய அப்படியே பொருந்தின. முன்பற்களால் முறுக்கைக் கடிக்க முடியாதிருந்தவள் இப்போது கடிக்கிறாள்.

நிலைத்தன்மை பெரிதும் தாடை நகரும் திசையைப் பொறுத்தது. அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் பல் சீரமைப்பு நிபுணர் புரொஃபிட்டின் குழுவினர் 1996இல் வெளியிட்டு, 2007இல் புதுப்பித்த தரவரிசைப்படி, மேல்தாடையை உயர்த்துவதும், முக உயரம் இயல்பாகவோ குறைவாகவோ உள்ளவர்களுக்குக் கீழ்த்தாடையை முன்னே கொண்டுவருவதும் மிக நிலையானவை. மேல்தாடையைக் கீழிறக்குவதும் அகலப்படுத்துவதும், கீழ்த்தாடையை மட்டும் பின்தள்ளுவதும் அந்த அளவுக்கு நம்பகமானவை அல்ல.

ஆனால், வெட்டிய எலும்பை இணைக்கும் டைட்டானியத் தகடுகள் உறுதியாகப் பிடித்து எலும்பு நன்கு கூடிய பிறகும், காதருகே மூட்டின் முனை எலும்பு கரையத் தொடங்கினால் தாடை பின்வாங்கக்கூடும். கீழ்த்தாடையின் சரிவு அதிகமுள்ள இளம்பெண்களுக்கு இந்த அபாயம் கூடுதல் என்பதால், ஓராண்டு கடந்ததே போதும் என்று விட்டுவிட எனக்கு மனமில்லை. பற்கள் நகராமல் பிடித்துவைக்கும் ரிட்டெய்னரை இரவில் அணிவது தொடர்கிறது; அடுத்த ஆண்டும் எக்ஸ்ரே எடுத்து மூட்டைப் பார்க்கவிருக்கிறார்கள்.