ஆண்டர்சனைப் பார்த்துச் சிரித்தது யார்?

மழைத்தூறல்:
போன வாரம் காய்ச்சலில் படுத்துக் கிடந்தபோது 'ஷெர்லக்' துப்பறியும் தொடரின் மூன்றாம் பருவத்தை மறுபடி பார்த்தேன். அதன் முதல் அத்தியாயமான 'தி எம்ப்டி ஹெர்ஸ்' 2014 ஜனவரி 1 அன்று பிபிசியில் வந்தது. அன்று வந்த எரிச்சல் இன்றும் குறையவில்லை. அதைக் கொட்டத்தான் இந்த இழை.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாக: 2012 ஜனவரியில் வந்த முந்தைய அத்தியாயத்தின் முடிவில், லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனையின் மொட்டை மாடியிலிருந்து துப்பறிவாளன் ஷெர்லக் குதித்துவிடுகிறான். நண்பன் ஜான் வாட்சன் கல்லறை முன் நின்று கலங்குகிறான். சற்றுத் தள்ளி நின்று ஷெர்லக் உயிரோடு பார்த்துக்கொண்டிருக்கிறான். அவ்வளவுதான், திரை இருண்டுவிட்டது. எப்படிப் பிழைத்தான் என்று தெரிந்துகொள்ள இரண்டு வருடம் காத்திருந்தோம்.

காத்திருந்தவர்களுக்குக் கிடைத்த பரிசு ஆண்டர்சன். ஷெர்லக்கை மோசடிக்காரன் என்று நினைத்த தடயவியல்காரன் அவன். இப்போது வேலை போய், தாடி வளர்த்து, ஷெர்லக் சாகவில்லை என்று நம்புகிறவர்களைக் கூட்டிச் சங்கம் நடத்துகிறான். அந்தச் சங்கத்தின் பெயர்தான் அத்தியாயத்தின் பெயர்: காலிச் சவ ஊர்தி. உறுப்பினர்கள் ஷெர்லக் மாதிரியே காதுமூடித் தொப்பி போட்டுக்கொண்டு ஆளுக்கொரு கதை விடுகிறார்கள். ஆண்டர்சன் சொல்லும் கதையில் ஷெர்லக் இடுப்பில் கயிறு கட்டிக் குதித்து, கண்ணாடியை உடைத்து உள்ளே வந்து, மருத்துவமனைப் பிணவறையில் வேலை பார்க்கும் மாலிக்கு முத்தம் கொடுக்கிறான். ஹிப்னாடிச நிபுணர் டெரன் பிரவுன் நிஜப் பெயரிலேயே வந்து ஜானைத் தூங்க வைக்கிறார். இன்னொரு பெண்ணின் கதையில் ஷெர்லக்கும் அவனுடைய பரம எதிரி மோரியார்டியும் மாடியிலேயே முத்தமிடப் போகிறார்கள்.

யாரைக் கேலி செய்கிறார்கள் என்று புரிகிறதா? நம்மைத்தான். இரண்டு வருடம் அந்தக் காட்சியை நிறுத்தி நிறுத்திப் பார்த்த நம்மை, மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிற கூட்டமாகக் காட்டிவிட்டார்கள். விருந்துக்கு அழைத்து இலையில் கண்ணாடியை வைத்த கதை இது.

கடுக்காய்:
தம்பி, காய்ச்சல் இன்னும் இறங்கவில்லை போலிருக்கிறது.

ஆண்டர்சனை வெறும் கோமாளியாகவா பார்த்தீர்கள்? அந்த மனிதனுக்கு ஏன் ஷெர்லக் உயிரோடு இருந்தாக வேண்டும் என்று யோசித்தீர்களா? ஷெர்லக் செத்திருந்தால் அந்தச் சாவில் அவனுக்கும் பங்கு இருக்கிறது. அவனும் போலீஸ்காரி டோனவனும் கிளப்பிய சந்தேகம்தான் ஒருவனை மாடி விளிம்புவரை கொண்டுபோனது. அவன் உயிரோடு இருந்தால் இவன் கொலைகாரன் இல்லை. ஆகவே எந்தக் கயிறானாலும் சரி, எந்த முகமூடியானாலும் சரி, பிடித்துக்கொள்வான்.

முப்பது வருடம் செவிலியராக வேலை பார்த்தவள் நான். தவறான படுக்கை எண்ணைப் பார்த்துவிட்டு, "செத்தது என் மகன் இல்லை, ஆள் மாறிவிட்டது" என்று வராந்தாவில் நின்ற ஒரு அம்மாவை இன்னும் மறக்க முடியவில்லை. அந்த அம்மாவிடம் ஆதாரங்கள் இருந்தன. செருப்பின் அளவு, சட்டையின் நிறம், எல்லாம் வரிசையாகச் சொன்னார். ஆண்டர்சனின் அறைச் சுவரில் ஒட்டியிருந்த காகிதங்களைப் பார்த்தபோது எனக்கு அந்த அம்மாவின் முகம்தான் வந்தது. சிரிப்பு வரவில்லை.

உப்புக்கல்:
அக்கா சொன்னது மனத்தைத் தொடுகிறது. ஆனால் இருவருமே ஒன்றைக் கண்டுகொள்ளவில்லை. ஆண்டர்சன் சொன்னது உண்மை!

ஷெர்லக் சாகவில்லை. மருத்துவமனையில் மாலி உடந்தை. அரசாங்கத்தில் அண்ணன் மைக்ராஃப்ட் உடந்தை. தெருவில் வீடற்றவர்களின் கூட்டம் உடந்தை. இத்தனை பேர் சேர்ந்து ஒரு பிணத்தைக் காட்டி ஊரை ஏமாற்றியதற்குப் பெயர் சதி இல்லாமல் வேறென்ன? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்; இவன் ஒருவன்தான் சோற்றைக் கிளறினான். அத்தியாயம் இவனைக் கேலி செய்கிறதா, இவன் பக்கம் நிற்கிறதா?

என் குற்றச்சாட்டு மழைத்தூறலுடையதற்கு நேரெதிர். தொலைக்காட்சியில் சதிக்கோட்பாட்டாளன் எப்போதும் கடைசியில் ஜெயித்துவிடுகிறான். கதையின் இலக்கணம் அப்படி. மர்மத்தை நம்புகிறவன் தோற்றால் கதை சப்பென்று போய்விடும். 'தி எக்ஸ் ஃபைல்ஸ்' தொடரில் வந்த மூன்று சதி ஆராய்ச்சியாளர்களை வைத்து 'தி லோன் கன்மென்' என்று தனித்தொடர் எடுத்தார்கள். அதன் முதல் அத்தியாயம் 2001 மார்ச் 4 அன்று ஒளிபரப்பானது. அமெரிக்க அரசுக்குள்ளேயே ஒரு கும்பல், ஆயுத வியாபாரத்துக்காக, பயணிகள் விமானத்தைத் தொலைவிலிருந்து இயக்கி உலக வர்த்தக மையத்தில் மோத வைக்கப் பார்க்கிறது. அந்த மூவரும் தடுத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்து செப்டம்பர் 11. கற்பனை என்று எழுதியதை இன்றுவரை "முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள் பாருங்கள்" என்று சுற்றுக்கு விடுகிறார்கள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது, பழியைக் காக்கையின் தலையில் கட்டிவிட்டார்கள்.

கடுக்காய்:
உப்புக்கல், விடை சரி, வழி தப்பு. கணக்குத் தேர்வில் பக்கத்துப் பையனைப் பார்த்து விடையை மட்டும் எழுதியவனுக்கு எங்கள் வாத்தியார் மதிப்பெண் கொடுக்க மாட்டார், முட்டிபோட வைப்பார். ஆண்டர்சன் கயிறு என்றான், முகமூடி என்றான். இரண்டும் இல்லை. அவனுக்கு வேண்டியது ஷெர்லக்கின் உயிர். அது மட்டும் தற்செயலாக உண்மையாகிவிட்டது.

தண்டவாளம்:
எல்லாரும் மாடியையே பார்க்கிறீர்கள். சுரங்கத்துக்கு வாருங்கள். என் பெயருக்கு ஏற்ற வேலையை நான் செய்கிறேன்.

இந்த அத்தியாயத்தின் துப்பறியும் பகுதி என்ன? வெஸ்ட்மின்ஸ்டர் நிலையத்தில் புறப்பட்ட பாதாள ரயிலின் கடைசிப் பெட்டி அடுத்த நிலையமான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கில் இல்லை. ஏறிய ஒருவர் இறங்கவில்லை. பெட்டியே காணோம். கண்காணிப்புக் காமிராவின் பதிவைத் திரும்பத் திரும்பப் பார்த்து இதைக் கண்டுபிடித்துச் சொல்பவர் ஒரு ரயில் பைத்தியம். அவரும் தொப்பி போட்டவர்தான்! ஷெர்லக் அவரை மதித்துக் கேட்கிறான். ஒரே காணொளியை நூறு முறை பார்க்கிறவனிடமிருந்துதான் நாடாளுமன்றத்துக்கு அடியில் வெடிகுண்டு இருக்கும் விஷயம் வெளிவருகிறது. ஆக, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்களை இந்த அத்தியாயம் அவமதித்துவிட்டது என்று மழைத்தூறல் சொல்வது பாதிதான் சரி.

இந்தக் காணாமல் போன பெட்டி, ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் சரக்கு. 1898இல் அவர் எழுதிய 'தி லாஸ்ட் ஸ்பெஷல்' கதையில் லிவர்பூலில் கிளம்பிய ஒரு தனி ரயில், இரண்டு நிலையங்களுக்கு நடுவே எஞ்சினோடு மாயமாகிவிடும். கைவிடப்பட்ட சுரங்கத்துக்குப் போகும் பழைய பாதையில் திருப்பிவிட்டிருப்பார்கள். இந்தத் தலைப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெடிகுண்டை அணைக்கும் பொத்தான் குண்டிலேயே இருந்தது பற்றி நான் பேசப் போவதில்லை. பேசினால் இரத்த அழுத்தம் ஏறும்.

மழைத்தூறல்:
அண்ணன் சொல்லும் ரயில்காரர் நல்ல உதாரணம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவருக்கு விடை கொடுத்தார்கள். நமக்கு?

மூன்றாவது விளக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஷெர்லக்கே ஆண்டர்சனின் முன்னால் உட்கார்ந்து சொல்வது. பதின்மூன்று வழிகள் யோசித்து வைத்திருந்தார்களாம். கீழே காற்றடைத்த பெரிய மெத்தை. ஜான் நின்ற இடத்திலிருந்து மெத்தை தெரியாதபடி நடுவில் ஒரு கட்டடம். ஜான் ஓடி வரும்போது சைக்கிள்காரன் இடித்துத் தள்ளுகிறான், அதற்குள் ஆளை மாற்றி இரத்தத்தை ஊற்றுகிறார்கள். நாடி நிற்க அக்குளில் ரப்பர் பந்து. சரி, ஒரு மாதிரி பொருந்துகிறது. உடனே ஆண்டர்சனைக் கேட்க வைக்கிறார்கள்: ஜான் அந்த இடத்தில்தான் நிற்பான் என்பதற்கு என்ன உத்தரவாதம்? இவ்வளவு பெரிய ரகசியத்தை எல்லாரையும் விட்டு என்னிடமா சொல்வாய்? திரும்பிப் பார்த்தால் ஷெர்லக் இல்லை. ஆண்டர்சன் சிரித்துக்கொண்டே சுவரிலிருந்த காகிதங்களைக் கிழிக்கிறான்.

இதை எழுதிய மார்க் கேட்டிஸ்தான் மைக்ராஃப்டாக நடிப்பவர். கதையில் சதியின் மூளை, கதைக்கு வெளியேயும் சதியின் மூளை! விடையைச் சொல்லிவிட்டு, "அது விடையா என்பது எனக்கே தெரியாது" என்று கை கழுவுவது என்ன நியாயம்?

கடுக்காய்:
டாயில் மட்டும் என்ன பெரிய நியாயம் செய்துவிட்டார்? 1893இல் ஹோம்ஸை அருவியில் தள்ளினார். 1903இல் திரும்பக் கொண்டுவந்தபோது, ஏதோ ஜப்பானிய மல்யுத்தப் பிடி தெரியும், மோரியார்டி மட்டும் விழுந்தான் என்று சில பத்திகளில் முடித்துவிட்டார். அந்தக் கதையின் பெயர் காலி வீடு. இங்கே வீடு போய்ச் சவ ஊர்தி வந்திருக்கிறது. வாசகர்கள் பத்து வருடம் காத்திருந்தார்கள். உங்களுக்கு இரண்டு வருடம்.

எந்த விடை கொடுத்திருந்தாலும் நீங்கள் திருப்தி அடைந்திருக்க மாட்டீர்கள். ஆண்டர்சனும் விளக்கத்தைக் கேட்டுவிட்டு ஏமாற்றமாக இருக்கிறது என்றுதான் சொல்கிறான். சதிக்கோட்பாட்டாளனைப் பற்றி இதைவிடக் கூர்மையாக ஒரு காட்சி வந்திருக்கிறதா? வருடக்கணக்கில் கேட்ட உண்மை வீடு தேடி வந்து சோபாவில் உட்கார்ந்து பேசுகிறது. அவனுக்கு அது போதவில்லை. தன் கயிறே மேல் என்று தோன்றுகிறது.

உப்புக்கல்:
அக்கா, இந்த இடத்தில் நான் மழைத்தூறல் பக்கம் தாவுகிறேன். மன்னிக்கவும்.

நோயைச் சரியாகப் படம் பிடித்தார்கள், சரி. நோயைப் பரப்பியது யார்? எல்லாரும் தவறவிட்ட ஒரு துப்பு அந்த அத்தியாயத்தில் இருக்கிறது என்று 2012இல் சொன்னவர் தொடரின் இன்னொரு கர்த்தாவான ஸ்டீவன் மொஃபாட். ஒவ்வொரு நொடியிலும் துப்பு ஒளிந்திருக்கிறது, கண்ணால் கண்டதை நம்பாதே என்று பழக்கினார்கள். ரசிகர்களும் பழகிக்கொண்டார்கள். மருத்துவமனைக்குப் பக்கத்துத் தொலைபேசிக் கூண்டில் "நான் ஷெர்லக் ஹோம்ஸை நம்புகிறேன்" என்று எழுதி ஒட்டினார்கள். அது விளையாட்டு. 2017இல் நடந்தது விளையாட்டு இல்லை.

தண்டவாளம்:
ஆம், அங்கேதான் என் தலைப்பு தேவைப்படுகிறது. தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

நான்காம் பருவம் 2017 ஜனவரி 15 அன்று முடிந்தது. முந்தின நாளே அது ரஷ்ய மொழிக் குரலோடு இணையத்தில் கசிந்துவிட்டது. ஷெர்லக்கும் ஜானும் காதலர்களாகத்தான் முடிவார்கள், எழுத்தாளர்கள் அதை மறைத்து வைத்திருக்கிறார்கள் என்று பல வருடம் பக்கம் பக்கமாக எழுதிவந்த ஒரு ரசிகர் கூட்டம் இருந்தது. கடைசி அத்தியாயத்தில் அப்படி எதுவும் நடக்கவில்லை. அத்தியாயமும் சுமார்தான். இவர்கள் என்ன முடிவுக்கு வந்தார்கள் தெரியுமா? இவ்வளவு மோசமாக யாரும் தற்செயலாக எழுத மாட்டார்கள். ஆகவே இது வேண்டுமென்றே எடுத்த போலி. உண்மையான நான்காவது அத்தியாயம் ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது! அதற்கு அவர்கள் வைத்த பெயர்தான் 'தி லாஸ்ட் ஸ்பெஷல்'.

அடுத்த ஞாயிறு, ஜனவரி 22, அதே பிபிசியில் 'ஆப்பிள் ட்ரீ யார்டு' என்ற புதிய தொடர் தொடங்குவதாக அறிவிப்பு. அப்படியொரு தொடரே கிடையாது, ரகசிய அத்தியாயத்தை மூடி வைத்த துணி அது என்றார்கள் சிலர். அது 2013இல் வெளிவந்த நாவலைத் தழுவிய தொடர். நாவலே நான்கு வருடம் முன்னால் எழுதிய சதியா? ஞாயிறு வந்தது. 'ஆப்பிள் ட்ரீ யார்டு' ஒளிபரப்பானது. காணாமல் போன ரயில் எந்த நிலையத்துக்கும் வரவில்லை.

மழைத்தூறல்:
அந்த ஞாயிறு நானும் விழித்திருந்தேன். லண்டனில் இரவு ஒன்பது என்றால் நமக்கு நள்ளிரவு தாண்டி இரண்டரை. நம்பவில்லை, ஆனாலும் விழித்திருந்தேன். அக்கா சிரிக்கலாம்.

கடுக்காய்:
சிரிக்கவில்லை தம்பி. விழித்திருந்ததைச் சொல்ல நேர்மை வேண்டும்.

உப்புக்கல் கேட்டதற்கு என் பதில்: பரப்பியவர்கள் அவர்களும்தான், மறுக்கவில்லை. ஆனால் 2014இல் ஆண்டர்சனைக் காட்டி எச்சரித்தவர்களும் அவர்களேதான். அந்த எச்சரிக்கையைத்தான் இந்த இழையில் அவமானம் என்கிறோம்.

பேச்சை மாற்ற ஒரு செய்தி. அந்த ரப்பர் பந்து விஷயத்தை நேற்று வீட்டில் சோதித்தேன். பேரனின் பந்தை அக்குளில் வைத்துக் கையை இறுக்கிக்கொண்டேன். மருமகளை மணிக்கட்டில் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். நாடி தேய்ந்து தேய்ந்து, ஒரு கட்டத்தில் விரலுக்கு அகப்படவே இல்லை. கழுத்தில் விரல் வைத்தால் எப்போதும்போல் அடித்துக்கொண்டிருக்கிறது. தோளிலிருந்து கைக்குப் போகும் இரத்தக் குழாயைத்தானே பந்து அமுக்குகிறது, கழுத்துக்கு அதனால் ஒன்றும் ஆகாது. ஜான் இராணுவ மருத்துவன். கழுத்தைத் தொட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். தொடவில்லை. மணிக்கட்டை மட்டும் பிடித்தான், அதற்குள் இழுத்து விலக்கிவிட்டார்கள்.

உப்புக்கல்:
அக்கா, பந்தை எந்தக் கை அக்குளில் வைத்தீர்கள்? ஜான் பிடித்தது எந்தக் கையை என்று இப்போதே மறுபடி பார்க்க வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால் அந்த மூன்றாவது விளக்கமும் பொய்.

மழைத்தூறல்:
தொப்பி என்ன அளவு வேண்டும் என்று சொல்லுங்கள், அனுப்பி வைக்கிறேன்.