அரை வேகன் சரக்கு

குழு: புளியரை முதல் குண்டறை வரை
ஞாயிற்றுக்கிழமை

கார்த்திக் (புனலூர்) · காலை 7:40
[படம்]
பெரியப்பா, பரணைச் சுத்தம் பண்ணும்போது உங்கள் டிரங்குப் பெட்டியில் இது இருந்தது. இடுக்கி மாதிரி இருக்கிறது, வாய் மட்டும் தட்டை. உள்ளே ஏதோ எழுத்து வெட்டியிருக்கிறது. பழைய இரும்பு வாங்குகிற ஆக்கிரிக்காரர் வாசலில் நிற்கிறார். போட்டுவிடவா?

பெரியப்பா (ஆரியங்காவு) · 7:41
போடாதே.

பெரியப்பா · 7:41
அதிலிருந்து கையை எடு முதலில்.

பெரியப்பா · 7:52
அது சீல் அடிக்கிற இடுக்கி. வேகன் கதவைச் சாத்தி, கொண்டியில் கம்பி கோத்து, கம்பியின் இரண்டு முனையையும் ஈயக் குண்டுக்குள் விட்டு இதனால் ஒரு அழுத்து. ஈயம் சப்பளிந்து ஸ்டேஷன் எழுத்து பதியும். சரக்கு போய்ச் சேர்ந்த இடத்தில் கதவை முதலில் பார்க்கமாட்டான், ஈயத்தைத்தான் பார்ப்பான். எழுத்து மங்கலாக இருந்தால் சரக்கைத் தொடமாட்டான். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். இரண்டு தடவை வந்திருக்கிறது.

வள்ளி · 7:55
தாத்தா, ரயில்வே சொத்தை வீட்டிலா வைத்திருக்கிறீர்கள்? 😄

பெரியப்பா · 7:57
திருப்பிக் கொடுக்கத்தான் போனேன். வாங்கி வைக்க கூட்ஸ் ஷெட் இல்லை. அங்கே ஆடு கட்டியிருந்தார்கள்.

வள்ளி · 8:01
சரியான நேரத்தில்தான் கிடைத்திருக்கிறது. கல்லூரியில் புராஜெக்ட் கொடுத்திருக்கிறார்கள். கொல்லத்திலிருந்து புனலூர் வரைக்கும் ரயில் பாதையோரத்துத் தொழிற்சாலைகள் ஏன் படுத்தன என்று எழுத வேண்டும். பேப்பர் மில், கரண்ட் கம்பி செய்த அலிண்ட், முந்திரி ஆபீஸ் எல்லாம். யாராவது சொல்லுங்களேன்.

மாரி அத்தான் (லாரி) · 8:03
இதற்கு எதற்கு மகளே புராஜெக்ட்? கொடி பிடித்தார்கள், மூடினார்கள். ஒரே வரி. மார்க் போடச் சொல்.

பெரியப்பா · 8:04
மாப்பிள்ளை, உங்களுக்கு எல்லாம் ஒரே வரிதான்.

செங்கோட்டை சித்தி · 8:06
ஆரம்பித்துவிட்டார்கள். நான் இட்லி ஊற்றிவிட்டு வருகிறேன்.

பெரியப்பா · 8:31
வள்ளி, இதை அப்படியே எழுதிக்கொள். கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தட்டுகிறேன், இடையில் யாரும் ஸ்டிக்கர் போடாதீர்கள்.

இந்தப் பாதை 1904 நவம்பர் 26-ல் செங்கோட்டை வரை முழுதாகத் திறந்தது. மீட்டர்கேஜ், அதாவது இரண்டு தண்டவாளத்துக்கும் இடையே ஒரு மீட்டர். தென்னிந்திய ரயில்வே கம்பெனி, திருவிதாங்கூர் சமஸ்தானம், சென்னை மாகாணம் மூன்றும் சேர்ந்து போட்டது. முதல் இன்ஜினைத் தூத்துக்குடியிலிருந்து பாகம் பாகமாகக் கடல் வழியே கொல்லத்துக்குக் கொண்டுவந்து பூட்டினார்கள். போட்டது நாம் குற்றாலம் போவதற்கு அல்ல. மலையில் விளைந்தது கீழே இறங்க, கீழே செய்தது கிழக்கே போக. அதாவது சரக்குக்கு.

புனலூர் பேப்பர் மில் அதற்கும் முந்தியது, 1888. காட்டில் வெட்டிய ஈற்றையில், அதாவது ஒரு வகை மூங்கிலில், காகிதம் செய்தார்கள். கொல்லத்தில் பஞ்சாலை 1884. அப்புறம் ஓட்டு ஆபீஸ்கள், முந்திரி. குண்டறையில் செராமிக்ஸ், 1946-ல் அலிண்ட், கிழங்கு மாவு எடுக்கிற லட்சுமி ஸ்டார்ச். கரண்ட் கம்பி, பீங்கான், ஸ்டார்ச் மூன்றும் ஒரே ஊரில்! உன் ஆச்சியைக் கேள், அலிண்ட் சங்கு ஊதித்தான் அவள் வீட்டில் உலை வைப்பாள்.

மாரி அத்தான் · 8:33
இதெல்லாம் திறந்த கதை. மூடின கதை சொல்லுங்கள் மாமா.

பெரியப்பா · 8:50
வருகிறேன். முதல் அடி 1976. அந்த வருஷம் எர்ணாகுளம், கொல்லம், திருவனந்தபுரம் முழுக்க அகலப்பாதை ஆனது. எல்லோரும் கைதட்டினார்கள். நம் பாதை மட்டும் மீட்டர்கேஜாகவே நின்றது. அதுவரை மீட்டர்கேஜ் வேகன் கொல்லத்துக்கு வடக்கேயும் அப்படியே ஓடும். அதற்குப் பிறகு கொல்லத்தில் ஒவ்வொரு மூட்டையையும் இந்த வேகனிலிருந்து இறக்கி அந்த வேகனில் ஏற்ற வேண்டும். இரண்டு கூலி. இரண்டு நாள் தாமதம். மழை வந்தால் நனைவு. பத்து மூட்டையில் ஒன்று கிழியும், கிழிந்ததில் கொஞ்சம் "காற்றில்" போகும். வியாபாரி கணக்குப் பார்ப்பானா மாட்டானா?

இரண்டாவது அடிதான் பெரிய அடி. அதை யாரும் பேப்பரில் எழுதவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவன் எட்டு மூட்டை கொண்டுவந்தாலும் வாங்குவோம். ஸ்மால்ஸ் என்று பெயர். எடை போட்டு, சீட்டு கட்டி, ரசீது கொடுத்துவிடுவோம். நாலு வியாபாரி சரக்கு சேர்ந்தால் ஒரு வேகன். அரை வேகன்காரனுக்கும் மரியாதை இருந்தது. எண்பதுகளில் மேலேயிருந்து முடிவு வந்தது: சில்லறைச் சரக்கு வேண்டாம், முழு ரேக்காக வந்தால் போதும். முழு ரேக் என்றால் 42 வேகன், சுமார் 2,500 டன். நிலக்கரிக்குச் சரி, சிமெண்டுக்குச் சரி. புனலூரில் யாரிடம் இருக்கிறது 2,500 டன் மிளகு?

கார்த்திக் · 8:54
😂 ஆனால் ரயில்வே பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது பெரியப்பா. ஒரு வேகனை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கழற்றிப் பூட்டுவதற்கு ஆகிற செலவுக்கு வருமானமே இராது. முழு ரேக்குக்கு மாறிய பிறகுதான் சரக்கில் டன் கணக்கு ஏறியது.

பெரியப்பா · 8:56
டன் ஏறியது, ஒத்துக்கொள்கிறேன். ஊர் இறங்கியது.

கார்த்திக் · 8:59
அதுவும் உண்மைதான். 1950-51-ல் நாட்டுச் சரக்குப் போக்குவரத்தில் 80 சதவீதத்துக்கும் மேல் ரயிலில் போனது. இப்போது மூன்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

மாரி அத்தான் · 9:02
மிச்சத்தை யார் சுமக்கிறது? நாங்கள்தான். திட்டுவதும் எங்களைத்தான். மாமா, உங்கள் ஷெட்டில் சரக்கு வந்து இறங்கினால் வியாபாரி மாட்டுவண்டி பிடித்து வர வேண்டும். குறித்த மணிக்குள் எடுக்காவிட்டால் டெமரேஜ், வார்ஃபேஜ் என்று அபராதம். ஞாயிறு லீவு. கிளார்க் டீ குடிக்கப் போயிருப்பார். என் அப்பா 1983-ல் பழைய பென்ஸ் லாரி வாங்கினார். கடை வாசலில் ஏற்றி கடை வாசலில் இறக்கினார். ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டாலும் போவார். புளியரை எஸ் வளைவில் எத்தனை ராத்திரி கல் வைத்து நிறுத்தித் தூங்கியிருப்பார் என்று அம்மாவுக்குத் தெரியும்.

பெரியப்பா · 9:04
அந்த டீ குடிக்கப் போன கிளார்க் நான்தானே.

மாரி அத்தான் · 9:04
பெயர் சொல்லவில்லை மாமா 🙏

செங்கோட்டை சித்தி · 9:10
கடைசி மீட்டர்கேஜ் வண்டிக்கு மாலை போட்டது ஞாபகம் இருக்கிறதா? 2010 செப்டம்பர். ஸ்டேஷனே நிறைந்து வழிந்தது. நான் அழுதுவிட்டேன். ஆரியங்காவு அத்தான் மட்டும் வரவேயில்லை.

பெரியப்பா · 9:13
எதற்கு வர? நான் பார்த்த வண்டி அதற்கு இருபது வருஷம் முன்னாலேயே போய்விட்டது. பின்னால் ஒரு இன்ஜின் முட்டித் தள்ள, ஆரியங்காவு ஏற்றத்தில் மூச்சு வாங்கி வருமே கூட்ஸ், அது நின்ற அன்றைக்கு மாலையும் இல்லை, கூட்டமும் இல்லை. ஒருநாள் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அவ்வளவுதான்.

வள்ளி · 9:15
அப்போது பேப்பர் மில் மூடியதும் இதனால்தானா தாத்தா?

பெரியப்பா · 9:21
இல்லை. அதை இதோடு முடிச்சுப் போடாதே. மில் 1987-ல் நின்றதற்கு அதன் சொந்த நோய்கள் இருந்தன. ஈற்றை, பழைய மெஷின், சம்பளப் பாக்கி, நிர்வாகம். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் பூட்டிக் கிடந்தது. வேகன் இருந்திருந்தாலும் மில் மூடியிருக்கும். ஆனால் மில் மூடிய இடத்தில் இன்னொன்று முளைத்திருக்கும். அதுதான் முளைக்கவில்லை.

பேச்சி அத்தை (குண்டறை) · 9:40
[குரல் பதிவு 4:12]

வள்ளி · 9:58
ஆச்சி சொன்னதை எழுதிப் போடுகிறேன், எல்லோரும் கேட்கமாட்டீர்கள் என்று தெரியும்.

"அண்ணன் வேகனைச் சொல்லுது, மகன் லாரியைச் சொல்லுகிறான். கையை யாரும் சொல்லவில்லை. பதினாலு வயதில் முந்திரி ஆபீசுக்குப் போனேன். சுட்ட கொட்டையைத் தட்டி உடைத்தால் தோட்டு எண்ணெய் தெறிக்கும். சாம்பல் தேய்த்துக்கொண்டுதான் உட்காருவோம், அப்படியும் தோல் உரியும். கல்யாணத்துக்கு மருதாணி வைத்தார்கள், கறுப்புக்கு மேல் சிவப்பு ஏறவேயில்லை. அப்புறம் என்னைத் தரம் பிரிக்கப் போட்டார்கள். 320 என்றால் ஒரு பவுண்டுக்கு 320 பருப்பு. எண்ண வேண்டாம், உள்ளங்கையில் அள்ளினாலே தெரியும். இன்றைக்கும் தெரியும். டின்னுக்கு 25 பவுண்டு, பெட்டிக்கு இரண்டு டின். பெட்டி மேல் மையில் எழுத்துக் குத்துவார்கள். எனக்கு வாசிக்கத் தெரியாது, எழுத்தின் வடிவத்தைப் பார்த்தே இது அமெரிக்கா, இது ரஷ்யா என்று சொல்லிவிடுவேன்.

ஒருநாள் காலையில் போனால் கேட்டில் பூட்டு. முதலாளி பெயர் வேண்டாம், அவர் பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும். கேரளத்தில் கூலி கூட்டச் சொல்லி சர்க்கார் உத்தரவு போட்டது, நாங்களும் கொடி பிடித்துத்தான் கேட்டோம், பொய் சொல்லமாட்டேன். அவர் கூட்டவில்லை, மூட்டை கட்டினார். கிராஜுவிட்டி இன்னும் வரவில்லை. கொட்டை மட்டும் எல்லை தாண்டிப் போனது. மார்த்தாண்டம் பக்கம் போனது, நம் புளியரைக்கும் வந்தது. அதே சாக்கு, அதே கொட்டை. யார் உடைத்தது? கேட்டுப் பாருங்கள் உங்கள் சித்தியை."

செங்கோட்டை சித்தி · 10:05
நான்தான் மைனி. திண்ணையில் உட்கார்ந்து. உங்களுக்குக் கொடுத்ததில் பாதிகூட எனக்கு இல்லை. எனக்கு அப்போது தெரியாது அது உங்கள் வேலை என்று.

பேச்சி அத்தை · 10:07
[குரல் பதிவு 0:09]

வள்ளி · 10:08
"உன்மேல் எனக்கு வருத்தம் இல்லை. நீ நன்றாக உடைத்தாயா, அதைச் சொல்" என்கிறார்கள்.

செங்கோட்டை சித்தி · 10:09
முழுப் பருப்பு எடுப்பேன் மைனி. பிளவு விடமாட்டேன் ❤️

பெரியப்பா · 10:26
பேச்சி சொன்னதற்கு என்னிடம் பதில் இல்லை. வேகன் ஸ்டேஷனோடு நின்றுவிடும். லாரி திண்ணை வரைக்கும் போகும். கூலி எங்கே குறைவோ அந்தத் திண்ணைக்கே போகும். அதை நான் இத்தனை நாள் யோசிக்கவில்லை.

மாரி அத்தான் · 10:27
ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொண்டேன் மாமா.

பெரியப்பா · 10:30
முழுக்க ஜெயித்துவிட்டதாக நினைக்காதீர்கள். உங்கள் லாரி போன வாரம் எங்கிருந்து வந்தது?

மாரி அத்தான் · 10:31
தூத்துக்குடி துறைமுகம். ஆப்பிரிக்கக் கொட்டை. 16 டன். கொல்லம் லோடு. புளியரை செக்போஸ்ட்டில் எம்-சாண்ட் லாரி வரிசைக்குப் பின்னால் மூன்று மணி நேரம்.

பெரியப்பா · 10:38
பாருங்கள். 2018-ல் மலைப்பாதை அகலமாகித் திறந்தது. பாலருவி எக்ஸ்பிரஸ் இப்போது தூத்துக்குடியிலிருந்தே கிளம்பி இந்தக் குகை வழியாகத்தான் கொல்லம் போகிறது. தண்டவாளம் துறைமுக ஊரிலிருந்து முந்திரி ஊருக்கு நேராகக் கிடக்கிறது. ஆள் அதில் போகிறான், கொட்டை லாரியில் போகிறது. என் வீடு லைனை ஒட்டி இருக்கிறது, தூக்கமும் வருவதில்லை. இதுவரை ஒரு கூட்ஸ் என் வாசலைத் தாண்டி நான் பார்க்கவில்லை.

கார்த்திக் · 10:41
ஏற்றம் அப்படி பெரியப்பா. பயணிகள் வண்டிக்கே பெட்டி எண்ணிக்கையில் கட்டுப்பாடு. 42 வேகன் ரேக்கை எப்படி ஏற்றுவது?

பெரியப்பா · 10:42
42 எதற்கு? பத்து ஏற்றினோமே.

மாரி அத்தான் · 10:44
பத்து வேகன் விட்டால் என் லாரியை விற்றுவிடுகிறேன். புளியரையில் நிற்பதை விட அது மேல்.

வள்ளி · 10:50
எனக்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. தாத்தா, அந்த இடுக்கியை நான் கொண்டுபோய் வகுப்பில் காட்டலாமா? சீல் அடித்துக் காட்ட முடியுமா?

பெரியப்பா · 10:52
ஈயம் வேண்டும். எங்கே போவாய்?

மாரி அத்தான் · 10:53
டயர் கடையில் வீல் பேலன்ஸ் ஈயம் கிடக்கும். சாயங்காலம் எடுத்து வருகிறேன்.

கார்த்திக் · 10:54
ஆக்கிரிக்காரர் போய்விட்டார், கோபமாக.

மாரி அத்தான் · மாலை 6:20
[படம்]
கம்பி வீட்டு வேலியில் எடுத்தது. வள்ளிதான் அழுத்தினாள், இரண்டு கையாலும். பி யு யு என்று விழுந்திருக்கிறது, புனலூர்! எப்படி மாமா?

பெரியப்பா · 6:34
பெரிதாக்கிப் பார்த்தேன். கடைசி எழுத்து மங்கல். சரக்கு எடுக்கமாட்டேன். திரும்ப அடிக்கச் சொல்லுங்கள்.